துணையைத் துபாஷி ஆக்காதீர்கள்



கணவனோ மனைவியோ சீனராக இருக்கும் ஒரு வீட்டில் இருவரும் ஒரு சீனக் கலைப்படம் பார்க்க உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நிம்மதியாகப் படம் பார்ப்பார். மற்றவர் படமும் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குப் பதிலும் சொல்ல வேண்டும். அவள் ஏன் எழுந்து போனாள், அந்தக் கிழவர் என்ன முணுமுணுத்தார், உங்கள் ஊரில் சாவு வீட்டில் இப்படித்தான் செய்வார்களா, இந்த இயக்குநரை அங்கே கொண்டாடுவார்களா என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். கேட்கிறவருக்கு இதில் தவறாக எதுவும் தெரியாது. படம் சீன மொழியில் ஓடுகிறது, அந்த மொழி பேசுகிறவர் வீட்டிலேயே இருக்கிறார், அவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? இந்த எளிய நியாயம் பிழையானது என்பதுதான் இன்று என் வாதம். கலைப்படம் என்று நாம் அழைக்கும் வகையில், அந்த மொழியோடு பிறந்தவருக்கும் படம் பாதி அந்நியமாகவே வந்து சேர்கிறது. அவரை விளக்கவுரை சொல்லும் இடத்தில் உட்கார வைத்தால் படம் சுருங்கிவிடும், அவரும் சுருங்கிவிடுவார். அவரால் தரக்கூடியது ஒன்று உண்டு. நாம் கேட்பதைவிட அது சிறியது, ஆனால் கூர்மையானது.

துபாஷி என்ற பழைய மொழிபெயர்ப்பு உத்தியோகத்தைத் தலைப்பில் வைத்தது சும்மா அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், அந்த வேலையில் இருந்தவர் பேச்சை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கடத்தும் குழாயாக மட்டும் இருந்ததில்லை. யார் காதில் எது எந்த அளவுக்கு விழும் என்பதில் அவருக்கும் ஒரு கை இருந்தது. அதற்குரிய செல்வாக்கும் செல்வமும் அவரைத் தேடி வந்தன. வீட்டுத் துபாஷிக்குச் செல்வாக்கும் இல்லை, கூலியும் இல்லை. பொறுப்பு மட்டும் உண்டு.

இதைப் பெங்களூரில் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். தமிழ்-சீன மணவுறவு நம் பக்கத்துக்குப் புதியதல்ல. நீலகிரியில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்த தமிழ்-சீனக் குடும்பங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள் பற்றி 1909-ல் வெளியான தம் தொகுதிகளில் எழுதியிருக்கிறார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அப்படிப்பட்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. பெங்களூரில் ஹுவாவே நிறுவனம் 1999-ல் ஆய்வு மையம் தொடங்கியதிலிருந்து இரு நாட்டுப் பொறியாளர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். 2020-க்குப் பிறகு எல்லைத் தகராறும் விசா நெருக்கடியும் சேர்ந்து, ஐந்தாண்டுக்கு மேல் இரு நாடுகளுக்கும் இடையே நேரடி விமானம்கூட இல்லாமல் போனது. ஆனால் நான் சொல்வது அந்தச் சில வீடுகளோடு நிற்பதல்ல. தமிழும் கன்னடமும், தெலுங்கும் கொங்கணியும் ஒரே சமையலறையில் புழங்கும் வீடுகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. சீனப் படம் என்பது இங்கே ஒரு தூரத்து உதாரணம். தூரத்தில் இருப்பதால் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு ஒரு விசித்திரமான பயிற்சியும் உண்டு. 1960-களின் கிளர்ச்சிக்குப் பிறகு கன்னடத்தில் மொழிமாற்றுப் படம் வெளியிடுவதில்லை என்ற கட்டுப்பாடு, சட்டப் புத்தகத்தில் இல்லாமலே, கர்நாடகத்தில் பல பத்தாண்டுகள் நீடித்தது. 2015-ல் இந்தியப் போட்டி ஆணையம் அது தவறு என்று உத்தரவிட்டது. 2017-ல் அஜித் நடித்த ‘என்னை அறிந்தால்’ கன்னடம் பேசிக்கொண்டு திரைக்கு வந்தபோது அது ஒரு செய்தியாகவே இருந்தது. அந்தக் கட்டுப்பாடு சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அதன் பக்கவிளைவு ஒன்றைத்தான் சொல்கிறேன்: பெங்களூர்க்காரர் ரஜினியையும் சிரஞ்சீவியையும் அவரவர் குரலிலேயே கேட்டு வளர்ந்தார். புரியாத வசனத்தைப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் காதோடு சொன்னார். அந்த முணுமுணுப்பு நன்றாகவே வேலை செய்தது, ஏனென்றால் வெகுஜனப் படத்தில் ஒரு வசனம் தவறினால் கதையின் ஒரு கண்ணி அறுந்துவிடும், அதைச் சொல்லிவிட்டால் கண்ணி மறுபடியும் சேர்ந்துவிடும். ஆகவே, மொழி தெரிந்தவர் படத்தைத் தெரிந்தவர் என்ற நம்பிக்கை இந்த ஊரில் நேர்மையான அனுபவத்திலிருந்து பிறந்தது. அதை அப்படியே தைவான் இயக்குநர் ஹௌ சியாவ்-சியென் படத்துக்கும் சீன இயக்குநர் ஜியா சாங்கே படத்துக்கும் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் சிக்கல்.

முதல் சிக்கல், ‘சீன மொழி’ என்று நாம் ஒருமையில் சொல்வது. சீன அரசின் சொந்தக் கணக்குப்படியே 2020-ல் பொதுமொழியான மாண்டரின் பேசத் தெரிந்தவர்கள் மக்கள்தொகையில் சுமார் 80 விழுக்காடு. மீதி ஐந்தில் ஒருவருக்கு அது வராது. பேசத் தெரிந்தவர்களிலும் கோடிக்கணக்கானோருக்கு வீட்டு மொழி வேறு. வணிகப் படங்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் வழித்துச் சமப்படுத்திவிடும். கலைப்படங்களோ அதைத் தேடிப் போய்ப் பிடிக்கின்றன. ஜியா சாங்கேயின் ‘சியாவ் வூ’வும் ‘பிளாட்ஃபார்ம்’ படமும் ஷான்சி மாகாணத்துச் சிற்றூரான ஃபென்யாங்கின் பேச்சில் இருக்கின்றன. பி கான் தம் முதல் முழுநீளப் படமான ‘கைலி புளூஸ்’ஸை குய்சோ மாகாணத்து வழக்கில் எடுத்தார். வோங் கார்-வாயின் ‘இன் த மூட் ஃபார் லவ்’ ஹாங்காங்கில் நடக்கிறது, பாத்திரங்கள் கான்டனீஸ் பேசுகிறார்கள், வீட்டுக்காரம்மாவோ ஷாங்காய்ப் பேச்சில் உபசரிக்கிறார். ஹௌவின் ‘தி அஸாஸின்’ 2015-ல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்ற படம். தாங் பேரரசுக் காலத்துக் கதை, வசனமும் செவ்வியல் நடையை ஒட்டிச் சுருக்கமாக எழுதப்பட்டது. சங்க இலக்கியத்தின் நடையில் ஒரு படம் வசனம் பேசினால் நம்மில் எத்தனை பேர் காதால் மட்டும் கேட்டுப் பின்தொடர்வோம்? பெய்ஜிங்கில் பிறந்த ஒருவரை உட்கார வைத்து இந்தப் படங்களை ஓடவிட்டால், அவர் கண்ணும் திரையின் அடியில்தான் போய் நிற்கும். சீனத் தொலைக்காட்சியிலும் திரையரங்குகளிலும் சீனப் படங்களுக்கே சீன எழுத்தில் சப்டைட்டில் போடுவது அன்றாட நடைமுறை. பேச்சு பிரிந்தாலும் எழுத்து பொது என்பதால் அது சாத்தியமாகிறது. உங்கள் துணை ஒரு சப்டைட்டிலை வாசிக்கிறார், நீங்கள் இன்னொன்றை வாசிக்கிறீர்கள். இருவரும் வாசகர்கள்தான்.

சிங்கப்பூரில் நிலைமை இன்னும் சுவாரசியம். 1979-ல் லீ குவான் யூ தொடங்கிவைத்த ‘மாண்டரின் பேசுங்கள்’ இயக்கத்தைத் தொடர்ந்து வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஹொக்கியன், கான்டனீஸ் போன்ற பேச்சுகள் ஒதுக்கப்பட்டன. ஹாங்காங் தொடர்கள் மாண்டரின் குரலில் வந்தன. அதற்குப் பிறகு வளர்ந்த சிங்கப்பூர்ச் சீனர் ஒருவர் தம் பாட்டி பேசிய மொழியில் ஒரு படம் வந்தால் திணற வாய்ப்பு உண்டு. அவரை மணந்த தமிழர், ‘உங்கள் படம்தானே’ என்று அவரிடம் அர்த்தம் கேட்பது, கொஞ்சம் யோசித்தால், காயத்தில் விரல் வைப்பது போன்றது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். வார்த்தை புரியாவிட்டாலும், மொழிக்குள் பிறந்தவருக்கு நமக்கு எட்டாத ஏதோ ஒன்று எட்டத்தானே செய்கிறது? ஆம், எட்டுகிறது. அதை ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். 1989-ல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற ‘எ சிட்டி ஆஃப் ஸாட்னெஸ்’ ஹௌ சியாவ்-சியென் எடுத்தது. 1947 பிப்ரவரி 28 அன்று தைவானில் வெடித்த கலவரத்தையும் அதை அடுத்த அடக்குமுறையையும் தொட்ட படம். 1987-ல் அங்கே ராணுவச் சட்டம் விலக்கப்படும்வரை அந்த நாளைப் பற்றி வாய் திறக்க முடியாது. படத்தில் தைவான் பேச்சும் மாண்டரினும் ஜப்பானிய மொழியும் கான்டனீஸும் ஷாங்காய்ப் பேச்சும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. நாயகனாக நடித்த டோனி லியுங் ஹாங்காங்காரர், தைவான் பேச்சு அவருக்கு வராது. அதனாலேயே அந்தப் பாத்திரத்தைக் காது கேளாத, வாய் பேசாத புகைப்படக்காரராக ஹௌ மாற்றினார். ஒரு நடிகரின் இயலாமையை இயக்குநர் படத்தின் முதுகெலும்பாக்கிவிட்டார். கலவர நாளில் ஒரு ரயில் காட்சி வருகிறது. தைவான்காரர்கள் கையில் ஆயுதத்தோடு, சீனப் பெருநிலத்திலிருந்து வந்தவர்களைத் தேடுகிறார்கள். புகைப்படக்காரரிடம் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். சரியான மொழியில் பதில் வந்தால் உயிர் பிழைக்கலாம். காது கேளாதவர், சிதைந்த குரலில் தான் தைவான்காரன் என்று சொல்ல முயல்கிறார். நண்பன் ஓடிவந்து காப்பாற்றுகிறான். ஆங்கில சப்டைட்டிலில் எல்லா மொழியும் ஒரே வெள்ளை எழுத்தாக ஓடிக்கொண்டிருப்பதால், இந்தியப் பார்வையாளருக்கு இது ஒரு விசாரணை என்பது மட்டும்தான் தெரியும். எந்த மொழியில் கேட்டார்கள் என்பதே கேள்வி என்பது தெரியாது.

வூஹானிலோ சியானிலோ பிறந்த துணைக்கும் அந்த வசனம் புரியாது. ஆனால் அது தன் மொழி இல்லை என்பது முதல் அசையிலேயே தெரிந்துவிடும். எங்கே ஒரு பேச்சு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது, யார் யாரிடம் எதிலிருந்து எதற்குத் தாவினார்கள் என்ற எல்லைக்கோடு அவர் காதில் விழுகிறது. முதலில் நான் சொன்ன அந்தச் சிறிய, கூர்மையான பொருளில் பாதி இதுதான். நம் பக்கத்திலும் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2015-ல் கான் விழாவில் தங்கப் பனையோலை பெற்ற ‘தீபன்’ பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியார் எடுத்தது, பெரும்பகுதி தமிழில் பேசுகிறது. மூன்று அந்நியர்கள் ஒரு குடும்பம் என்று பொய் சொல்லி இலங்கையிலிருந்து பிரான்சுக்குப் போகும் கதை. கணவனாக நடித்த ஷோபாசக்தி யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டியில் பிறந்தவர். மனைவியாக நடித்த காளீஸ்வரி ஸ்ரீனிவாசன் சென்னை நாடகக் கலைஞர். பாரிஸில் சப்டைட்டில் வாசித்தவருக்கு இருவர் பேச்சும் ஒன்றே. தமிழ்க் காதுக்கு அப்படி இருக்க முடியாது. பொய்க் குடும்பத்தின் பொய் நமக்கு ஒலியாகவே கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. இயக்குநர் அதைத் திட்டமிட்டாரா என்பது வேறு விஷயம். நம்மை ஒரு பிரெஞ்சுத் துணை அந்த இடத்தில் கேட்டால், சொல்ல வேண்டியது அவ்வளவுதான்: இவர் ஒரு கரை, அவர் வேறு கரை. அதற்கு மேல் ஈழப்போரின் வரலாற்றை இருட்டில் காதுக்குள் ஊற்றினால் படம் போய்விடும்.

அடுத்தது வழக்கங்கள். ‘உங்கள் ஊரில் இப்படித்தானா’ என்ற கேள்விதான் இந்த வீடுகளில் அதிகம் கேட்கப்படுவது என்று நினைக்கிறேன். 1991-ல் வெளியான சாங் யீமோவின் ‘ரெய்ஸ் த ரெட் லேன்டர்ன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பணக்கார வீட்டில் நான்கு மனைவியர். எந்த மனைவியின் அறைக்கு எசமானர் அன்றிரவு போகிறாரோ அந்த முற்றத்தில் சிவப்பு விளக்குகளை ஏற்றுவார்கள். காலைப் பிடித்துத் தட்டிவிடுவார்கள். கோபம் வந்தால் விளக்குகளுக்குக் கறுப்பு உறை போட்டு மூடிவிடுவார்கள். உலகம் முழுக்க அதைச் சீனப் பழமை என்று நம்பிப் பார்த்தார்கள். அந்த விளக்குச் சடங்கு சூ தோங் எழுதிய மூலக் குறுநாவலில் இல்லை, படத்துக்காக உண்டாக்கியது. சீனப் பத்திரிகையாளர் தாய் சிங் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். இந்த இடத்தில் சீனத் துணை சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள வாக்கியம் ஒன்றே ஒன்று: அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் கிடையாது. நாம் விளக்கத்துக்காகக் காத்திருக்கிறோம், கிடைப்பது மறுப்பு. ஆனால் அந்த மறுப்புக்குப் பிறகுதான் படம் பார்ப்பதே தொடங்குகிறது. வழக்கம் என்றால் அதை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுவோம். வழக்கம் இல்லை என்றால், இயக்குநர் ஏன் இதை உண்டாக்கினார், ஒரு பெண்ணின் இரவை மற்ற மூன்று பேரும் பார்க்கும்படி வெளிச்சம் போட்டுக் காட்ட அவருக்கு என்ன தேவை என்று கேட்டே ஆக வேண்டும். எல்லைக்கோட்டைக் கேட்கும் காது ஒரு பாதி என்றால், இல்லை என்று சொல்லத் தெரிந்த வாய் மறுபாதி.

மறுப்பு ஒரு தகவலாக இருக்கும்வரை நல்லது. அது தீர்ப்பாக மாறும் ஆபத்தும் உண்டு. ‘எங்களிடம் கிடையாது’ என்பது அடுத்த நொடியில் ‘வெளிநாட்டுக்காரனுக்காக எடுத்த படம்’ என்று முடியலாம். சாங் யீமோ மீது அந்தக் குற்றச்சாட்டு ஆண்டுக்கணக்கில் இருந்தது. நமக்கும் இது பழக்கமான பாட்டுதான். சத்யஜித் ரே இந்திய வறுமையை ஏற்றுமதி செய்கிறார் என்று மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நர்கிஸ் 1980-களின் தொடக்கத்தில் சொன்னார். அனந்தமூர்த்தியின் நாவலை வைத்து 1970-ல் வந்த ‘சம்ஸ்காரா’ கன்னடப் படத்துக்குச் சென்னைத் தணிக்கைக் குழு முதலில் அனுமதி மறுத்தது. மாத்வ பிராமணரின் அக்ரகாரத்தைக் காட்டிய படம், புண்படும் என்று பயம். மேல்முறையீட்டில் வெளியே வந்து அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் வாங்கியது. உள்ளே பிறந்தவர் ‘நாங்கள் இப்படி இல்லை’ என்று சொல்வதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அப்படிச் சொல்வதில் வெட்கமும் கலந்திருக்கும், வர்க்கமும் கலந்திருக்கும், விருந்தாளியின் முன் வீட்டை ஒழுங்காகக் காட்ட வேண்டும் என்ற பதற்றமும் கலந்திருக்கும். துபாஷி நாற்காலியில் உட்கார வைத்தால் அந்தப் பதற்றம் கூடும். நாட்டின் மானத்தை அவர் ஒருவர் தாங்க வேண்டியிருக்கும். பக்கத்தில் பார்வையாளராக மட்டும் இருந்தால், படம் பொய் சொல்கிறது என்றும் சொல்லலாம், படம் சொல்வது கசப்பான உண்மை என்றும் சொல்லலாம்.

உள்ளூர்க்காரர் படத்தைப் புரிந்துகொண்டிருப்பார் என்ற எண்ணத்துக்கு 2018-ன் கடைசி இரவு ஒரு நல்ல பதில். பி கானின் ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’ டிசம்பர் 31 அன்று சீனாவில் வெளியானது. படத்தின் பின்பாதி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வெட்டே இல்லாத முப்பரிமாண ஷாட். விளம்பரக்காரர்கள் இதைப் புத்தாண்டுக் காதல் படம்போல விற்றார்கள். படம் முடியும் முத்தமும் நள்ளிரவும் ஒன்றாக வரும்படி காட்சி நேரம் அமைத்தார்கள். முதல் நாள் வசூல் 25 கோடி யுவானைத் தாண்டியது. ஜோடி ஜோடியாக வந்தவர்கள் குழம்பி, சலித்து, கோபத்தோடு போனார்கள். மறுநாள் வசூல் தரைமட்டம். அத்தனை பேரும் சீனர்கள். விளம்பரம் ஏமாற்றியது, மக்களைக் குறை சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். குறை சொல்லவில்லை. மொழியும் நாடும் கையில் இருந்தாலும் அந்தப் படத்தின் கதவு தானாகத் திறக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். நம்மிடமும் 2024-ல் பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ முடிந்த விதத்தைப் பார்த்து மதுரைக்காரரும்தான் ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்று கேட்டார். பெர்லினில் அதைப் பார்த்த ஜெர்மானியருக்கும் கேள்வி அதுவேதான்.

போதாததற்கு, இந்தப் படங்களில் பலவற்றைச் சீனத் துணை தம் ஊரில் பார்த்திருக்கவே வழியில்லை. ஜியாவின் தொடக்க காலப் படங்கள் அங்கே முறையாகத் திரையிடப்படவில்லை, திருட்டுத் தட்டுகளில் சுற்றின. 2002-ல் அவர் எடுத்த ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ படத்தில் ஒரு பாத்திரம் தட்டு விற்பவனிடம் ஜியாவின் பழைய படங்களையே கேட்டு நிற்பதாக ஒரு குறும்புக் காட்சி உண்டு. சாங் யீமோவின் ‘டு லிவ்’வும் தியன் சுவாங்சுவாங்கின் ‘புளூ கைட்’டும் தடைப்பட்டவை. பெங்களூரில் திரைப்பட விழா நடக்கும்போதோ பனசங்கரி சுசித்ரா திரைப்படக் கழகத்திலோ இப்படி ஒரு படம் போட்டால், அருகருகே உட்காரும் அந்த இருவருக்கும் அது முதல் தடவையாகவே இருக்கக்கூடும்.

இனி, எனக்கே மிகவும் கனமாகத் தோன்றும் மறுப்புக்கு வருகிறேன். வழக்கமும் வட்டாரப் பேச்சும் இருக்கட்டும், வாழ்ந்த வரலாறு? வாங் சியாவ்ஷுவாயின் ‘ஸோ லாங், மை சன்’ 2019-ல் பெர்லின் விழாவில் சிறந்த நடிகர், சிறந்த நடிகை இரண்டு விருதுகளையும் வாங்கிய மூன்று மணி நேரப் படம். ஒரு குழந்தைத் திட்டம் நடப்பில் இருந்தபோது, இரண்டாவதாகக் கருவுற்ற பெண்ணை அவள் தோழியே, தொழிற்சாலையின் குடும்பக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருப்பவள், ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போகிறாள். 1980 முதல் 2015 வரை அந்தத் திட்டம் இருந்தது. இன்று நாற்பது வயதாகும் சீனத் துணை அதன் நடுவே பிறந்தவர். அவருடைய அம்மாவுக்கு, அத்தைக்கு என்ன நடந்தது என்பது எந்தச் சப்டைட்டிலிலும் வராது. அப்படியானால் அவர் இந்தப் படத்தைப் பொறுத்தவரை நம்மைவிட மேலான இடத்தில் இல்லையா? இருக்கிறார். மறுக்கமாட்டேன். ஆனால் அந்த அறிவு அவரிடம் உரையாக இல்லை, வாழ்க்கையாக இருக்கிறது. திரையில் அந்தப் பெண்ணை இழுத்துப் போகும் நேரத்தில் ‘நிஜமாகவே இப்படி நடந்ததா’ என்று அவர் தோளைத் தட்டுவது, பார்வையாளரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது. அவர் சொன்னால் கேளுங்கள், அடுத்த வாரம் சொன்னாலும் கேளுங்கள். சொல்லாமலே இருந்தாலும் படத்துக்கு ஒரு குறையும் வராது, அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது திரையிலேயே முழுதாக இருக்கிறது. ‘உங்கள் நாட்டில்’ என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் 140 கோடிப் பேரின் சார்பில் ஒருவரைப் பேசச் சொல்வதுதான்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். விஜய் சேதுபதி நடித்த ‘மகாராஜா’ 2024 நவம்பரில் சீனத் திரையரங்குகளில் வெளியாகி நல்ல கூட்டம் சேர்த்தது. ஒரு சீனத் துணை அதைப் பார்த்துவிட்டு, சென்னையில் முடிதிருத்துபவர்கள் இப்படித்தான் வாழ்வார்களா, உங்கள் காவல் நிலையத்தில் குப்பைத்தொட்டி காணோம் என்றால் இவ்வளவு அலட்சியமா, குற்றம் இப்படித்தான் தண்டிக்கப்படுமா என்று அடுக்கினால் நாம் என்ன சொல்வோம்? முதல் பதில், ‘அட, அது சினிமா’ என்பதாகத்தான் இருக்கும். கொஞ்சம் யோசித்து, ‘காவல் நிலையம் மட்டும் கொஞ்சம் அப்படித்தான்’ என்போம். நமக்கு நாம் கொடுத்துக்கொள்ளும் அந்தச் சலுகையைச் சீனத் துணைக்கு நாம் கொடுப்பதில்லை. ‘அட, அது சினிமா’ என்று அவர் சொன்னால் நமக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

மொழி தெரியாமல் படத்துக்குள் நுழைய முடியுமா என்ற சந்தேகம் இன்னும் இருந்தால், பார்ப்பவரை விட்டுவிட்டு எடுத்தவர்களைப் பாருங்கள். ‘சம்ஸ்காரா’வைச் சொன்னேனே, அதை இயக்கிய பட்டாபிராம ரெட்டி நெல்லூர்க்காரர், தெலுங்குக் கவிஞர். சந்திரியாக நடித்த ஸ்நேகலதா ரெட்டி அவர் மனைவி, சென்னையில் ஆங்கில நாடகம் வளர்த்தவர். திரைக்கதை எழுதி நாயகனாகவும் நடித்த கிரீஷ் கர்னாடின் தாய்மொழி கொங்கணி. ஒளிப்பதிவாளர் டாம் கோவன் ஆஸ்திரேலியர், கன்னட அக்ரகாரத்துக்கு எந்த வகையிலும் உறவில்லாதவர். கன்னடத்துக்குச் சிறந்த படத்துக்கான தேசிய விருதை முதன்முதலில் கொண்டுவந்த படத்தின் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் அவர். அந்தக் கண்ணுக்கு அக்ரகாரத்தின் திண்ணையும் தூணும் பழகிப்போகாத பொருள்களாக இருந்தது படத்துக்கு லாபம் என்றே நான் நினைக்கிறேன். பல மொழிக்காரர்கள் கூடி இன்னொரு மொழியில் ஒரு படம் எடுக்க முடிந்த ஊரில், இரண்டு மொழிக்காரர்கள் கூடி மூன்றாவது மொழியின் சப்டைட்டிலோடு ஒரு படம் பார்ப்பது பெரிய சாதனை அல்ல.

மலேசியாவின் கூச்சிங்கில் பிறந்து தைவானில் படமெடுக்கும் சாய் மிங்-லியாங் இந்தத் துபாஷி வேலையையே ஒழித்துவிட்டார். 2003-ல் அவர் எடுத்த ‘குட்பை டிராகன் இன்’ படத்தில் பாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் பேசும் முதல் வசனம் வருவதற்கு நாற்பது நிமிடத்துக்கு மேலாகும். 2020-ல் வந்த ‘டேஸ்’ படம், வேண்டுமென்றே சப்டைட்டில் போடவில்லை என்ற அறிவிப்போடு தொடங்குகிறது. இரண்டு மணி நேரம், இரண்டு ஆண்கள், நகரம், மழை, சமையல். அங்கே சீனத் துணைக்கும் தமிழ்த் துணைக்கும் கையில் இருப்பது ஒன்றே. ஆனாலும் அதை முதல் படமாகப் பார்க்கும்படி நான் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து இன்னொரு கலைப்படம் பார்ப்பார்கள் என்ற உத்தரவாதம் இல்லை.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், பெங்களூர்க்காரரான ராம் ரெட்டியின் ‘திதி’யையும் ஜியாவின் ‘பிளாட்ஃபார்ம்’ படத்தையும் ஒரே வாரத்தில் பாருங்கள் என்பேன். 2015-ல் லொகார்னோ விழாவில் பரிசு வாங்கிய ‘திதி’, மண்டியா மாவட்டத்துக் கிராமத்தில், நடிகர்கள் அல்லாத ஊர்க்காரர்களை வைத்து எடுத்தது. நூற்றியொரு வயதில் ஒருவர் இறந்து பதினோராம் நாள் காரியம் நடக்கும்வரையிலான கதை. தமிழ்த் துணைக்குச் சடங்கு தெரியும், மண்டியாவின் கன்னடம் பாதிதான் பிடிபடும். பெங்களூரில் பிறந்த கன்னடக்காரரும் சில இடங்களில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ‘பிளாட்ஃபார்ம்’ இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், அவசரமே படாது. 1979-லிருந்து பத்தாண்டுகள் ஒரு சிற்றூர் நாடகக் குழு எப்படி உருமாறுகிறது என்பதைத் தள்ளி நின்று பார்க்கும் படம். அதில் ஃபென்யாங்கின் இளைஞர்கள் திரையரங்கில் ராஜ் கபூரின் ‘ஆவாரா’ பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. 1951-ல் எடுத்த அந்த இந்திப் படம் சீனாவில் 1950-களிலும் மறுபடி 1970-களின் இறுதியிலும் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் பாட்டு திரையில் ஒலிக்கும்போது சீனத் துணை நம் பக்கம் திரும்பி, இது என்ன சொல்கிறது, உங்கள் ஊர்ப் பாட்டுதானே என்று கேட்கக்கூடும். சேலத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ பெங்களூருக்கு வந்த தமிழர் பலருக்கும் அதற்குக் கைவசம் இருக்கும் பதில், இந்தி எனக்குச் சரியாக வராது என்பதுதான்.